பெல்ட் கத்தினால் ஸ்பேனரைத் தேடாதீர்கள்

விருத்தாசலம் ஜங்ஷனிலிருந்து கடலூர் துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதை, நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இந்த முனையில் பீங்கான் பட்டறைகள், அந்த முனையில் விசைப்படகுகள். இங்கே மண்ணை அரைக்கிறார்கள், அங்கே மீன் பிடிக்கிறார்கள். இரண்டு ஊர் மெக்கானிக்குகளையும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தால், கண்ணாடி கிளாஸ் காலியாவதற்குள் ஒரே பேச்சுக்கு வந்துவிடுவார்கள்.

“பெல்ட் மாத்தி ரெண்டு மாசம்கூட ஆவலண்ணே, அதுக்குள்ள கத்துது.”

“டைட் வைக்க வேண்டியதுதானே தம்பி?”

“வெச்சேன். இப்ப பேரிங் போயிடுச்சு.”

மண் அரைக்கும் பால் மில் ஓட்டுகிறவரும் இதைச் சொல்வார், படகு டிரைவரும் இதைச் சொல்வார். பெல்ட் வழுக்கினால் கை தானாக ஸ்பேனருக்குப் போகிறது. ஆனால் இறுக்குவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை ஐந்தாறு இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் இறுக்கினால் சத்தம் நாலு நாள் அடங்கும். ஐந்தாம் நாள் வேறு ஒரு பொருளின் செலவாக வந்து நிற்கும். ஏன் அப்படி என்று நிதானமாகப் பார்ப்போம். இன்னொரு டீ சொல்லிக்கொள்ளுங்கள்.

பிடிப்பு பக்கவாட்டில் இருக்கிறது

பழைய ரைஸ் மில்களில் ஓடிய தட்டை பெல்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அகலமான தோல் அல்லது கான்வாஸ் பட்டை, வழவழப்பான பெரிய சக்கரத்தின் மேல் அப்படியே படிந்து ஓடும். இன்று பால் மில்லிலும் படகு எஞ்சினிலும் இருப்பது வி-பெல்ட். அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் 1917-ல் ரப்பரில் உருவாக்கியது. மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கும். அது உட்காரும் புல்லியிலும் அதே வடிவத்தில் ஒரு பள்ளம் உண்டு.

இந்த வடிவத்தில்தான் சூட்சுமம். விறகு பிளக்கும் ஆப்பு கட்டைக்குள் இறங்கும்போது, மேலிருந்து கொடுத்த அடி இரண்டு பக்கமும் பல மடங்கு அழுத்தமாக மாறுகிறதல்லவா? வி-பெல்ட்டும் அப்படித்தான். நாம் அதை நீளவாக்கில் இழுக்கிறோம். அது பள்ளத்துக்குள் இறங்கி இரண்டு சுவர்களையும் நெருக்குகிறது. பிடிப்பு முழுவதும் அந்தப் பக்கச் சுவர்களில் இருக்கிறது. பெல்ட்டின் அடி, பள்ளத்தின் அடியைத் தொடவே கூடாது. தொட்டுவிட்டால் ஆப்பு வேலை அத்தோடு முடிந்தது. அதன் பிறகு அது மோசமான ஒரு தட்டை பெல்ட், அவ்வளவே.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். சக்கரத்தைச் சுற்றிய கயிறு எப்போது வழுக்கும் என்பதற்கான சூத்திரத்தை, 18-ஆம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை எழுதிவைத்துவிட்டார். உராய்வு எண் 0.3, பெல்ட் புல்லியைப் பாதி வட்டம் தழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். தட்டை பெல்ட்டில், தளர்ந்த பக்கம் இருக்கும் இழுவையைப்போல இழுக்கும் பக்கம் சுமார் இரண்டரை மடங்கு வரை தாங்கும். அதற்கு மேல் வழுக்கும். வி-பெல்ட்டின் பள்ளம் 38 டிகிரி என்றால் அதே உராய்வு மூன்று மடங்கு ஆனதுபோல வேலை செய்யும். இழுவை 18 மடங்கு வரை தாங்கும். அதே வி-பெல்ட் சின்ன புல்லியை மூன்றில் ஒரு பங்கு வட்டம் மட்டும் தழுவினால், 18 என்பது 7-க்கு இறங்கிவிடும்.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். இரண்டு விஷயம் மனதில் நின்றால் போதும். ஒன்று, பள்ளத்தின் சுவர் கெட்டால் எல்லாம் கெட்டது. இரண்டு, எந்தப் புல்லி சிறியதோ, எதைப் பெல்ட் குறைவாகத் தழுவுகிறதோ, வழுக்கல் அங்கேதான் தொடங்கும். படகில் அது பெரும்பாலும் ஆல்டர்னேட்டர் புல்லி. பால் மில்லில் மோட்டார் புல்லி.

விருத்தாசலத்தில்: பால் மில் சொல்லும் பாடம்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது கிடைத்த வெள்ளைக் களிமண், விருத்தாசலத்தைப் பீங்கான் ஊராக்கியதில் பெரும் பங்கு வகித்தது. செராமிக் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிலையமும் இங்கே உண்டு. அகல் விளக்கு, பொம்மை, மின் ஃபியூஸ் கட்டை என்று இங்கே செய்யப்படும் பொருள் எதுவானாலும், அதற்கு முன்னால் மண்ணும் கல்லும் அரைபட வேண்டும். அரைப்பது பால் மில். உருளையான டிரம்முக்குள் கூழாங்கல்லோ பீங்கான் உருண்டையோ போட்டு, குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், தண்ணீர் சேர்த்து மணிக்கணக்கில் சுழற்றுகிறார்கள்.

இந்த டிரம்முக்கு ஒரு வேகக் கணக்கு உண்டு. ரொம்ப வேகமாகச் சுற்றினால் உருண்டைகள் சுவரோடு ஒட்டிச் சுற்றும், ஒன்றும் அரையாது. மெதுவாகச் சுற்றினால் அடியிலேயே புரளும், அப்போதும் அரையாது. உள்விட்டம் 1.2 மீட்டர் உள்ள டிரம்மில் உருண்டை சுவரோடு ஒட்டத் தொடங்கும் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 39 சுற்று. அதில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்கு வரை, அதாவது 26 முதல் 29 சுற்று வரை, நல்ல அரைப்பு. மோட்டார் ஓடுவதோ 1440 சுற்றில். அதை இறக்கிக் கொடுக்கும் வழியில் ஒரு கட்டம்தான் பெல்ட்.

பெல்ட் ஐந்து சதவீதம் வழுக்கினால் 27 சுற்று 25.6 ஆகும். கண்ணால் பார்த்தால் தெரியாது. டிரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சல்லடையில் தெரியும்: வழக்கமான நேரம் ஓட்டியும் மிச்சம் அதிகமாக நிற்கும். பீங்கான் மேல் பூசும் கிளேஸ் முழுசாக அரையவில்லை என்று இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டுவார்கள். களிமண்ணைக் குறை சொல்வார்கள், ஃபெல்ஸ்பார் வந்த லாரியைக் குறை சொல்வார்கள். பெல்ட்டை யாரும் நினைக்க மாட்டார்கள். கத்தாமலே வழுக்கும் பெல்ட் இப்படித்தான் கரண்ட் பில்லில் உட்கார்ந்து தின்னும்.

அடுத்தது தூசு. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவில் குவார்ட்ஸ் 7, ஃபெல்ஸ்பார் 6. புல்லி வார்ப்பிரும்பு அவ்வளவு கடினம் கிடையாது. காற்றில் பறக்கும் குவார்ட்ஸ் தூள் பள்ளத்தில் விழுகிறது. பெல்ட் அதை அழுத்தித் தேய்க்கிறது. பெல்ட் ரப்பரில் பதிந்த தூள் புல்லிச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கிறது. நேராக இருக்க வேண்டிய சுவர் நடுவில் குழிந்து விடுகிறது. பெல்ட் கீழே இறங்கி உட்காருகிறது. ஒரு நாள் அதன் அடி பள்ளத்தின் அடியைத் தொடுகிறது.

கண்டுபிடிப்பது எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, யாரும் போடாதபடி பூட்டி அல்லது ஃபியூஸைப் பிடுங்கி வைத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி, பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சுவர்கள் மினுங்கலாம், அது ஓடியதற்கு அடையாளம். அடி பளபளவென்று மினுங்கினால் புல்லி தேய்ந்துவிட்டது. அதே அளவில் ஒரு புதுப் பெல்ட்டைப் பள்ளத்தில் வைத்து ஓரத்தில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். சுவர் 0.8 மில்லிமீட்டர் குழிந்திருந்தாலே புல்லியை மாற்றவோ, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கவோ வேண்டும் என்பது பெல்ட் செய்பவர்களே சொல்லும் அளவு. தேய்ந்த புல்லியில் எத்தனை புதுப் பெல்ட் போட்டாலும் அது சீக்கிரம் பழையதாகும்.

தூசைக் காற்றழுத்தக் குழாயால் ஊதித் தள்ளுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். ஊதிய குவார்ட்ஸ் தூள் நேராக நுரையீரலுக்குப் போகும். சிலிக்கோசிஸ் என்ற தீராத நோய் அதில்தான் வருகிறது. ஈரத் துணியால் துடையுங்கள், முகக்கவசம் போடுங்கள்.

மூன்று நான்கு பெல்ட் ஒன்றாக ஓடும் மில்லில் ஒன்று அறுந்தால் ஒன்றை மட்டும் மாற்றுகிற சிக்கனமும் உண்டு. ஓடி நீண்டுபோன பழைய பெல்ட்டுகளுக்கு நடுவில் நீளாத புதுப் பெல்ட் ஒன்று போனால், சுமை முழுவதையும் அதுவே இழுக்கும். மற்றவை ஊர்வலம் வரும். புதுசு முதலில் சாகும். மாற்றினால் செட்டாக மாற்ற வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே எண்.

கடலூரில்: உப்பு செய்யும் வேலை

இப்போது ரயில் ஏறிக் கடலூர் முதுநகருக்குப் போவோம். எல்லாப் படகிலும் பெல்ட் இருக்காது. ஃபைபர் படகுகளில் வரும், காற்றிலேயே குளிரும் சின்ன ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பலவற்றுக்கு அது தேவையில்லை. தண்ணீரில் குளிரும் உள் எஞ்சின்களில்தான் முன்பக்கம் பெல்ட் ஓடும். ஆல்டர்னேட்டரை அது சுற்றும். பழைய ஆட்கள் இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பல எஞ்சின்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றும். சில படகுகளில் வலை இழுக்கும் வின்ச்சுக்கும் பெல்ட் வழியாகத்தான் சக்தி போகிறது.

உங்கள் படகில் பெல்ட் எதையெல்லாம் சுற்றுகிறது என்று கரையிலேயே தெரிந்து வைத்திருப்பது உயிர் காக்கும் விஷயம். மெக்கானிக்கல் டீசல் பம்ப் வைத்த பழைய மாதிரி எஞ்சின் ஒருமுறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் வேண்டாம். ஆகவே ஆல்டர்னேட்டரை மட்டும் சுற்றும் பெல்ட் நடுக்கடலில் அறுந்தால், விளக்கையும் கருவிகளையும் சிக்கனப்படுத்திக்கொண்டு கரை வந்து சேரலாம். தண்ணீர் பம்பும் அதே பெல்ட்டில் என்றால் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். சில நிமிடம் கூடுதலாக ஓட்டினாலும் ஹெட் கேஸ்கட்டில் ஆரம்பித்துச் செலவு ஏறிக்கொண்டே போகும்.

அறுவதற்கு முன்னால் பெல்ட் பலமுறை சொல்லும். எஞ்சின் கிளம்பியதும் கீச்சென்று கத்தி, சில நிமிடத்தில் அடங்கும். கிளப்பும்போது பேட்டரி இறங்கியிருக்கும், ஆல்டர்னேட்டர் முழுமூச்சாக ஏற்றப் பார்க்கும், சுமை உச்சத்தில் இருக்கும். அதனால்தான் அப்போது கத்துகிறது. பேட்டரி ஏற ஏறச் சுமை குறைந்து சத்தம் அடங்குகிறது. அடங்கிவிட்டதே என்று விடுகிறோம். எஞ்சினைச் சுற்றிக் கரித்தூள் மாதிரி கருப்புப் பொடி படியும். அது பெல்ட்டின் ரப்பர். பொடியில் செம்மண் நிறம் கலந்திருந்தால் புல்லியின் துருவும் சேர்ந்து உதிர்கிறது. பேட்டரி சரியாக ஏறாது, வெப்பமுள் வழக்கத்தைவிட மேலே நிற்கும்.

ஆல்டர்னேட்டர் கேட்கும் சக்தியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 14 வோல்ட்டில் 50 ஆம்பியர் என்றால் 700 வாட். ஆல்டர்னேட்டருக்குள்ளேயே ஏறக்குறைய பாதி வெப்பமாகப் போவதால், பெல்ட் கொண்டுவந்து கொடுக்க வேண்டியது சுமார் 1300 வாட், அதாவது ஒன்றே முக்கால் குதிரைத்திறன். அதில் பத்து சதவீதம் வழுக்கினால் 130 வாட், உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சின்னப் புல்லியில் சூடாக இறங்கும். ரப்பர் பத்து டிகிரி கூடுதல் சூட்டில் ஓடினால் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. சூடான பெல்ட்டின் பக்கம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகும். வழுவழுப்பானால் மேலும் வழுக்கும். வழுக்கினால் மேலும் சூடாகும். இந்தச் சுற்று அறுந்துதான் நிற்கும். மெதுவாக ஓட்டிக்கொண்டே நிறைய சார்ஜ் ஏற்றப் பார்க்கும்போது நிலைமை இன்னும் மோசம். ஒரே சக்தியைக் குறைந்த வேகத்தில் கொடுக்க வேண்டுமானால் பெல்ட் அதிக விசையோடு இழுக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் குவார்ட்ஸ் செய்த வேலையைக் கடலில் உப்பு செய்கிறது. படகு கரையில் சில வாரம் நின்றால் புல்லிப் பள்ளத்தில் துருப் பிடிக்கும். துரு சொரசொரப்பானது. எஞ்சினைக் கிளப்பிய முதல் நாளே அது எமரித் தாள்போலப் பெல்ட்டின் பக்கத்தைச் சீவிவிடும். புதுப் பெல்ட் போட்ட ஓரிரு மாதத்தில் கருஞ்செம்பொடி கொட்டினால் சந்தேகப்பட வேண்டியது பெல்ட் கம்பெனியை அல்ல, பள்ளத்தின் துருவை.

வரிசையாகப் பார்ப்பது எப்படி

எஞ்சினை நிறுத்துங்கள், சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போடுங்கள், பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வேட்டி, லுங்கி, துண்டு எதுவும் தொங்கக் கூடாது. ஓடும் பெல்ட்டில் விரல் போனவர்கள் இரண்டு ஊரிலும் இருக்கிறார்கள்.

முதலில் எண்ணெய். பெல்ட் மேல் டீசலோ ஆயிலோ கிரீஸோ பட்டிருந்தால் அது எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடித்து அடைக்க வேண்டும். எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி மெத்தென்று ஆகும். அதைக் கழுவி மறுபடி போடுவதில் அர்த்தமில்லை. புல்லியைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து உலர்த்தலாம்.

இரண்டாவது பள்ளம். துருவை மெல்லிய எமரித் தாளால் சுத்தமாக எடுங்கள். எடுத்த பிறகு சுவரில் குழிகுழியாகத் தெரிந்தால் புல்லியை மாற்றத்தான் வேண்டும். எஞ்சினுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பள்ளத்துக்குள்ளும் பிரஷ் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் சூட்டில் இளகிப் பிசுபிசுத்துப் பிறகு உரியும். பெல்ட் அதில் நிலையாகப் பிடிக்காது.

மூன்றாவது நேர்கோடு. இரண்டு புல்லியின் முகத்திலும் ஒரு நேரான ஸ்கேலை வையுங்கள், இல்லையென்றால் நூலை இழுத்துப் பிடியுங்கள். ஒவ்வொரு புல்லியிலும் இரண்டு இடம், ஆக நான்கு இடத்திலும் தொட வேண்டும். 300 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 2.5 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் பெல்ட்டின் ஒரு பக்கம் மட்டும் தேயும். நேர்கோடு தப்பிய பெல்ட் நீளமாகக் கத்தாது. சிட்டுக்குருவி மாதிரி விட்டுவிட்டுக் கீச்சிடும். வாஷர் சேர்த்தோ எடுத்தோ ஆல்டர்னேட்டரை நேருக்குக் கொண்டுவரலாம்.

நான்காவது தாங்கி நிற்கும் இரும்பு. ஆல்டர்னேட்டரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். போல்ட் துளை தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தால், நிற்கும்போது நேராக இருக்கும்; ஓடும்போது பெல்ட் இழுக்கிற பக்கம் சாயும். எவ்வளவு இறுக்கினாலும் மறுநாள் தளர்ந்து நிற்கும் எஞ்சின்களில் பல நேரம் குற்றவாளி இந்தத் துளைதான். புது புஷ் அடித்தால் தீரும்.

ஐந்தாவது பேரிங். பெல்ட் இல்லாமல் புல்லியைக் கையால் சுற்றுங்கள். சத்தமில்லாமல் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. தண்ணீர் பம்பின் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதிலிருந்து தண்ணீர் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது. அதை அடைக்காதீர்கள், பம்பைக் கழற்றிப் பாருங்கள்.

பெல்ட்டையே பார்ப்பது இவ்வளவுக்கும் பிறகுதான். உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். வெடிப்பு, பிரிந்து தொங்கும் நூல், ஒரு பக்கம் மட்டும் தேய்வு, பக்கவாட்டில் கண்ணாடிப் பளபளப்பு, இவற்றில் எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பெல்ட் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது அதன் மேல்பக்கம் புல்லியின் விளிம்போடு சமமாகவோ கொஞ்சம் மேலாகவோ நிற்க வேண்டும். கீழே இறங்கியிருந்தால் பெல்ட் மெலிந்துவிட்டது, இல்லையென்றால் புல்லி தேய்ந்துவிட்டது.

புதுப் பெல்ட் போடும்போது

அளவு சரியாக இருக்க வேண்டும். மில்லில் ஓடும் பெல்ட்டுகளில் ஏ என்றால் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், பி என்றால் 17, சி என்றால் 22. பி-68 என்று எழுதியிருந்தால் உள்நீளம் 68 அங்குலம். எஞ்சின் பெல்ட்டுகளில் அகலமும் நீளமும் பெரும்பாலும் மில்லிமீட்டரிலேயே இருக்கும். மதுரையில் ஃபென்னர் தயாரிக்கும் பெல்ட்டுகள் உட்பட நல்ல கம்பெனிப் பெல்ட் எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும். கடைக்காரர் “இதுவும் போவும்” என்று அகலம் குறைந்ததைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அது அடியில் போய் உட்காரும். ஓடிய பெல்ட்டில் எண் அழிந்துபோகும். ஆகவே புதுசு போடும் அன்றே எண்ணை எஞ்சின் பக்கத்துப் பலகையில் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

ஸ்குரூ டிரைவரால் நெம்பிப் பெல்ட்டை ஏற்றாதீர்கள். வி-பெல்ட்டின் பலம் மேல்பக்கத்தில் புதைந்திருக்கும் பாலியஸ்டர் நூல்களில் இருக்கிறது. நெம்பும்போது உள்ளே நூல் அறுந்தால் வெளியே தெரியாது. சில நாளில் பெல்ட் புரண்டு கவிழும். ஆல்டர்னேட்டரை முழுதும் உள்ளே தள்ளினால் பெல்ட் கையாலேயே ஏறும். ஏறவில்லையென்றால் நீளம் தவறு.

இறுக்கும்போது மரக்கட்டை ஒன்றை வைத்து நெம்புங்கள். ஆல்டர்னேட்டரின் அலுமினிய உடலில் கம்பியை முட்டுக்கொடுத்தால் வெடிக்கும். முன்பக்கம், தடித்த இடம் பார்த்து முட்டுக்கொடுங்கள். சின்ன எஞ்சினுக்கு அளவு இதுதான்: இரண்டு புல்லிக்கு நடுவில் உள்ள நீளமான பகுதியில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால் 10 மில்லிமீட்டர் அளவுக்குப் பெல்ட் தாழ வேண்டும். எஞ்சின் கைப்புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுவே வேதம். பால் மில்லில் இடைவெளி ஒரு மீட்டர் என்றால் 16 மில்லிமீட்டர் தாழ்வு. அதற்கான அழுத்தம் பெல்ட்டின் வகையைப் பொறுத்தது.

புதுப் பெல்ட் முதல் சில மணி நேரத்தில் பள்ளத்தில் படிந்து கொஞ்சம் நீளும். அரை மணி ஓட்டிவிட்டு ஒருமுறை, ஒரு நாள் ஓடியபின் இன்னொருமுறை அளந்து சரிசெய்யுங்கள். “புதுசு போட்டும் வழுக்குது” என்ற புகாரில் பாதி இந்த இரண்டாவது அளவை விட்டதால் வருவது.

குறுக்கு வழிகளும் அதிக இறுக்கமும்

கத்தும் பெல்ட்டுக்குக் குங்கிலியத் தூள் தூவுவது, சோப்பைத் தேய்ப்பது, கடையில் விற்கும் பிசின் ஸ்பிரே அடிப்பது எல்லாம் உண்டு. சத்தம் அடங்கும். காரணம் அப்படியே இருக்கும். பிசின் தூசை இழுத்துப் பிடிக்கும். விருத்தாசலத்தில் அது குவார்ட்ஸ் தூசு, அதாவது புல்லியைச் சுரண்டும் பொருளைப் பசை தடவி ஒட்டிவைத்த கதை. படகில் பெல்ட் அறுந்தபோது நைலான் கயிறு கட்டி ஓட்டிப் பார்த்தவர்கள் உண்டு. முடிச்சு புல்லியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இடிக்கும், சீக்கிரமே அவிழும். அதை நம்பிக் கடலில் நிற்கக் கூடாது.

இனி, டைட் வைத்ததும் பேரிங் ஏன் போனது என்ற கேள்வி. பந்து பேரிங்குக்கு ஒரு கணக்கு உண்டு: மேலே வரும் சுமை இரண்டு மடங்கானால் ஆயுள் எட்டில் ஒரு பங்காகும். தேய்ந்த பள்ளத்தில் பிடிப்பு வேண்டும் என்று ஒருவர் பெல்ட்டை இரண்டு மடங்கு இறுக்குகிறார். பெல்ட்டின் இழுவை முழுவதும் ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் தண்ணீர் பம்ப் பேரிங்கிலும்தான் இறங்கும். நாலு வருஷம் ஓட வேண்டிய பேரிங் ஆறு மாதத்தில் போனால் அதிசயம் ஒன்றுமில்லை. பேரிங் ஆடினால் பம்ப் சீல் போகும், சீல் போனால் தண்ணீர் குறையும், தண்ணீர் குறைந்தால் எஞ்சின் காயும். சில நூறு ரூபாய் பெல்ட்டில் ஆரம்பித்த கதை எஞ்சின் பிரிப்பதில் முடியும்.

எப்போது செய்வது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் வலை பின்னுவதும் படகுக்குப் பெயிண்ட் அடிப்பதும் நடக்கும். எஞ்சின் முன்பக்கத்தை யாரும் திறப்பதில்லை. படகைக் கரையேற்றிய முதல் வாரத்திலேயே பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். இரண்டு மாதம் ஒரே இடத்தில் இழுபட்டு நிற்கும் பெல்ட், புல்லியின் வளைவிலேயே படிந்துபோகும். பள்ளத்தைச் சுத்தம் செய்து, லேசாக ஆயில் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். இறக்கும் முன் அந்த ஆயிலைச் சோப்புத் தண்ணீரில் ஒட்டாமல் கழுவிவிட வேண்டும். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ஆல்டர்னேட்டரைச் சுற்றும்படி எஞ்சினை ஓட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இருக்கும் டையோடு எரிந்துவிடும். பீங்கான் பட்டறைக்காரர்களுக்குக் கார்த்திகை தீபம் நெருங்கும்போது மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த அவசரம் தொடங்கும் முன்னால் மில் பெல்ட்டை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படகில் ஒரு புதுப் பெல்ட் எப்போதும் இருக்கட்டும். அதோடு அதைப் போடத் தேவையான இரண்டு ஸ்பேனரும் அதே பையில் இருக்க வேண்டும்; பெல்ட் இருந்து ஸ்பேனர் இல்லையென்றால் அது வெறும் ரப்பர் வளையம். ஆணியில் தொங்கவிடாமல், மடித்து முறிக்காமல், வெயிலும் டீசலும் படாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அறுவதற்கு முன்பே கழற்றிய நல்ல பழைய பெல்ட்டையும் தூக்கிப் போடாதீர்கள். கரை சேர அது போதும்.

கடைசியாக ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பெல்ட் கத்தும்போது ஸ்பேனரை எடுக்கும் முன் டார்ச்சை எடுங்கள். பள்ளத்தின் அடி மினுங்குகிறதா பாருங்கள். மினுங்கினால், புதுப் பெல்ட்டுக்கு வைத்திருக்கும் காசை முதலில் புல்லிக்குக் கொடுங்கள். பெல்ட்டை அதன் பிறகு வாங்கலாம்.